இடது காதுக்கு அலைச் சத்தம்

போன மாதம் ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். நான் வேலை செய்த மியூசியத்தில் இப்போது அவள் வேலை செய்கிறாள். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், இங்கே பிறந்தவள். "அங்கிள்" என்ற ஒரு சொல்தான் எங்கள் இருவருக்கும் பொது. மற்றதெல்லாம் இங்கிலீசு.

நாட்டு வரலாற்றுக் கூடத்தை உடைத்துத் திரும்பக் கட்டுகிறார்களாம். இந்த மண்ணின் பழைய குடிகளான மாவோரிகளின் குரல், வெள்ளையரின் குரல், இந்த முறை எங்களைப் போலப் பிறகு வந்தவர்களின் குரலும் உண்டாம். கண்ணாடியைத் தொட்டால் ஆள் தோன்றிக் கதைப்பாராம்.

"உங்கட குரலும் வேணும் அங்கிள். ரெண்டே ரெண்டு நிமிஷம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியெல்லாம் வந்துவிட்டது. இரண்டு நிமிடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய கூடம் எப்படி நடந்தது என்றும் கேட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாதாம். அது போனில் சொல்லும் கதை இல்லை, எழுதுகிறேன் என்றேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. எழுத்து தமிழில்தான் வரும். மற்றவர்கள் இங்கிலீசில் கதைத்ததையும் என் தமிழில்தான் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அது அவள் பாடு.

ஊரில் நான் ஸ்பீக்கர் கட்டினவன். சாவகச்சேரிப் பக்கம் ஒரு சவுண்ட் சேர்விஸ். கலியாண வீடு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம். பனையில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது, வயர் இழுப்பது, பற்றரிக்குத் தண்ணீர் விடுவது. அதுதான் என் படிப்பு. அந்த வேலையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒழுங்கையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஸ்பீக்கர் நிற்கும். யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. சவம் எடுக்கும்வரை கோயிலிலேயே மணி அடிக்க மாட்டார்கள், பிறகு எங்களுக்கு என்ன பாட்டு? கலியாண வீட்டுக்காரன் துள்ளுவான். துள்ளட்டும் என்று பெட்டியை மூடிவிட்டு அதன்மேல் இருப்போம்.

பிறகு சண்டை. கொழும்பு. ஒக்லாந்து. இதை நீட்ட ஒன்றும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் வந்தோம். பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு வாடகை வீடு. கோழித் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் செட்டை பிடுங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மியூசியத்தில் ஒலி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அம்பிளிபயர் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். வேறு கேள்வி கேட்கவில்லை.

என் மேலாள் கொலின். கண்காட்சிகளுக்கு அவன்தான் பொறுப்பு. கெட்டவன் இல்லை. கெட்டவன் என்றால் சமாளிப்பது சுகம்.

ஒவ்வொரு கூட்டத்தையும் மாவோரியில் ஒரு வணக்கம் சொல்லித் தொடங்குவான். அதைச் சொல்லும்போது கண்ணை மூடுவான். கண்ணைத் திறந்தால் இங்கிலீசு. அவனுக்குத் தெரிந்த மாவோரி அந்த வணக்கத்தோடு முடிந்தது. கழுத்தில், மாவோரிகள் போடுவது போல, எலும்பில் செதுக்கிய தூண்டில் முள் ஒன்று தொங்கும். யோசிக்கும்போது அதைப் பிடித்து உருட்டுவான். இல்லை என்ற சொல் அவன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. "இரண்டாம் கட்டத்தில் செய்வோம்" என்பான். அந்த இரண்டாம் கட்டத்தை நான் பென்சன் எடுக்கும்வரை காணவில்லை.

முதல் நாள் என் பெயரைக் கேட்டான். சிவபாதசுந்தரம் என்றேன். கண்ணை மூடிக் கேட்டான். எவ்வளவு அழகான பெயர் என்றான். அடுத்த நாள் "சாம்" என்று அட்டை அடித்துத் தந்தான்.

கூடத்துக்கு அவன் வைத்த பெயர் "ஒரே மண், இரு குரல்". சுவரோரம் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் இடத்தின் படம், கீழே காதில் மாட்டும் ஹெட்போன். இடது காதில் அந்த இடத்து மாவோரி ஒருவர் தன் மொழியில் கதைப்பார். வலது காதில் அதே இடத்து வெள்ளைக்காரர் இங்கிலீசில் கதைப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிடம் ஓடும். கேட்கிறவனின் தலைக்குள் இரண்டு குரலும் சந்தித்து நாடு ஒன்றாகும் என்பது கொலினின் யோசனை. நான் ஒருநாள் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். தலையிடிதான் வந்தது. இந்த யோசனைக்கு அவனுக்குப் பரிசும் கொடுத்தார்கள்.

காலையில் கதவு திறக்குமுன் என் வேலை முடிய வேண்டும். பின்னறையில் கசட் ஓட்டும் பெட்டிகள், ஒரு குரலுக்கு ஒன்றாக, அடுக்கடுக்காக இருக்கும். நாடா ஓடும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பேன். மண்ணிறமாக அழுக்கு வரும். வராவிட்டால் திரும்பத் துடைக்க வேண்டும். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போடுவேன். அம்பிளிபயரைக் கடைசியில்தான் போட வேண்டும். மாறிப் போட்டால் மாட்டியிருப்பவனின் காதில் அடி விழும். அணைக்கும்போது அம்பிளிபயர் முதலில். பிறகு கூடத்துக்குப் போய் ஒவ்வொரு கம்பமாக இரண்டு காதிலும் கேட்பேன். மாவோரி விளங்காது. ஆனாலும் எந்தக் குரல் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று காது பழகிவிட்டது. கடைசியில் ஹெட்போனின் காதுப் பஞ்சைத் துடைப்பேன், கிழிந்ததை மாற்றுவேன்.

அந்தப் பஞ்சில்தான் விஷயம் இருந்தது. வலது பக்கம் எல்லாம் தேய்ந்து, எண்ணெய் பிடித்து, கிழியும். இடது பக்கம் கடையில் வாங்கியபடியே இருக்கும். கூடத்தில் காவலுக்கு நின்ற சரோஜாவும் இதைக் கண்டிருந்தாள். ஈப்போவிலிருந்து வந்தவள். வாய் ஓயாது.

"அண்ணே, சும்மா எதுக்கு இடது பக்கம் தொடைக்கிறீங்க? அங்க யாரு காது வெச்சா? எல்லாரும் மாட்டறாங்க, மூஞ்சிய சுளிக்கிறாங்க, இடத தள்ளி விட்டுட்டு வெள்ளக்காரன் கதய மட்டும் கேட்டுட்டுப் போயிடறாங்க லா."

"நீயும் அப்பிடித்தானோ?"

"நான் ரெண்டும் கேக்கறது இல்ல. எனக்கு வீட்டுல மாமியார் இருக்காங்க."

கொலினிடம் போய்ச் சொன்னேன். இடது பக்கம் ஒருவரும் கேட்பதில்லை, பஞ்சைப் பார் என்று இரண்டையும் காட்டினேன். பஞ்சை வாங்கி விரலால் அமத்திப் பார்த்தான். தூண்டிலை உருட்டினான்.

"நல்லாக் கவனிச்சிருக்கிறாய் சாம். ஒண்டு செய். கிழமைக்கொருக்கா பஞ்சை இடம் வலம் மாத்திப் போடு. ரெண்டும் ஒரே மாதிரித் தேயும்."

அன்றிலிருந்து மாற்றிப் போட்டேன். இரண்டும் ஒரே மாதிரித் தேய்ந்தன. வருட முடிவில் யாரோ மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்தபோது அவன் பஞ்சைத் தொட்டுக் காட்டியதாகச் சரோஜா சொன்னாள். இரண்டு குரலும் சமமாகக் கேட்கப்படுகிறதாம்.

இனி ஹேனி அம்மா என்ற மாவோரிக் கிழவியின் கதை.

துறைமுகத்தின் தென்கரையில் அவருடைய குலத்தின் நிலம். பெரிய போர் நேரத்தில் அரசாங்கம் தேவைக்கென்று எடுத்தது. போர் முடிந்தது. நிலம் திரும்பி வரவில்லை. ஒரு பகுதியை விற்றார்கள். வாங்கியவர் ஹார்வி என்ற விவசாயியின் தகப்பன். ஆக இடது காதுக்கு ஹேனி அம்மா, வலது காதுக்கு ஹார்வி. கொலினுக்கு இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

ஹேனி அம்மாவைக் கூட்டி வந்தவர் மகன் ஹோனே. பஸ் ஓட்டுகிறவர். நான் காலையில் ஏறும் பஸ்ஸும் அவருடையதுதான். அம்மா தடியை ஊன்றி வந்து கதிரையில் இருந்தார். நான் மைக்கை அவர் முன்னால் சரிப்படுத்தினேன். என் நெஞ்சில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"சாம். இது ஆர் வைச்ச பேர்?"

கொலினைக் கண்ணால் காட்டினேன்.

"அம்மா வைச்சதைச் சொல்."

சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரம் தானே சொல்லிப் பார்த்தார். முக்கால்வாசி வந்தது.

"உன்ர மலை எது?"

"மலை இல்லை. எங்கட ஊர் தட்டை."

"ஆறு?"

"அதுவும் இல்லை. கிணறுதான்."

சிரிக்கத் தொடங்கினார். தடி கீழே விழுந்தது. "ஹோனே, இங்க பார். கிணத்திலயிருந்து வந்த சனம்!" அன்றிலிருந்து அவர் என்னை ஒருநாளும் சாம் என்று கூப்பிடவில்லை. கிணத்துக்காரன்தான்.

பிறகு தொடங்கினார். அவர்கள் வழக்கப்படி முதலில் தன் மலையின் பெயர். நீரின் பெயர். அவர்களுடைய ஆட்கள் முதலில் வந்திறங்கிய தோணியின் பெயர். குலம். செத்தவர்கள், ஒருவருக்குப் பின் ஒருவராக. இதெல்லாம் ஹோனே பிறகு சொன்னது, அப்போது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெயர்கள் என்று மட்டும் விளங்கியது. பெயரைச் சொல்லும்போது குரல் வேறு மாதிரி நிற்கும். இரண்டு நிமிடம் போய்விட்டது. நேரம் முடிந்தது என்று கொலின் சிவப்பு விளக்கைப் போட்டான். அவர் விளக்கைப் பார்க்கவில்லை. செத்தவர்கள் முடிந்த பிறகுதான் நிலத்துக்கு வந்தார்.

ஹார்வி அடுத்த நாள் வந்தார். சேறாக இருந்த இடத்தில் தன் தகப்பன் வடிகால் வெட்டிய கதையைச் சொன்னார். விளக்கு எரியுமுன் முடித்துவிட்டு, "இவ்வளவுதானே?" என்றார். கொலினுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நாடாவை வெட்டுவதற்கு வெளியே ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினான். முன்பக்கம் முழுக்க வெட்டச் சொன்னான். அது வெறும் அறிமுகமாம். "நிலத்தை எடுத்தார்கள்" என்ற இடத்தில் தொடங்கினால்தான் மனதில் தைக்குமாம். அப்படியே வெட்டி வந்தது.

திறப்பு விழாவுக்கு ஹேனி அம்மா வந்தார். நான் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டேன். கேட்டார். கழற்றினார். கொலினைக் கூப்பிட்டார்.

"ஆரோ ஒரு மனுசி கதைக்கிறாள். ஆரிவள்?"

"நீங்கள்தானே ஹேனி."

"நானோ? மலை இல்லை, தண்ணி இல்லை, பெத்த ஆக்கள் இல்லை. றோட்டில நிண்டு கத்துறவள் மாதிரிக் கிடக்கு. பேரோட போடு. இல்லாட்டி என்னை அதில இருந்து எடு."

"உங்கட மனசு எனக்கு விளங்குது. இரண்டாம் கட்டத்தில்..."

"நான் இரண்டாம் கட்டம் வரைக்கும் இருக்க மாட்டன், பொடியா."

கொலின் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். கண்ணைத் திறந்தபோது வேறு யாரோ விருந்தினர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்வி பக்கத்தில் நின்று, ஹேனி அம்மாவின் பேச்சுக்குச் சுவரில் போட்டிருந்த இங்கிலீசு மொழிபெயர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார்.

"நிலத்தை எடுத்தார்கள் எண்டு போட்டிருக்கு. என்ர அப்பா எடுக்கேல்லை. காசு குடுத்து வாங்கினவர்."

"எடுத்தவனிட்ட வாங்கினவர்," என்றார் ஹேனி அம்மா.

"வடிகால் வெட்டினது ஆர்? சேறு கிடந்த இடம்."

"அந்தச் சேத்தில விலாங்கு இருந்தது. எங்களுக்குச் சாப்பாடு. உன்ர அப்பாவின்ர வடிகாலால அது கடலுக்குப் போயிட்டுது."

"விலாங்கும் என்ர அப்பாவின்ர பிழையோ?"

"நீ எங்கட வேலிப்பக்கம் மாடு விட்டதும் அப்பாவின்ர பிழையோ?"

"அது ஒருக்கா."

"ஒருக்காவோ! ஹோனே, கேள். ஒருக்காவாம்."

இப்படிக் கேக் தட்டுகள் வரும்வரை போயிற்று. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்கள். அன்று முழுவதும் அந்தக் கூடத்தில் இரண்டு குரல் சந்தித்த இடம் அது ஒன்றுதான். மைக் பெட்டிக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு ஹேனி அம்மா இரண்டு தரம் கொலினைப் பார்க்க வந்தார். பெயரோடு போடு, இல்லாவிட்டால் எடு. அதே பேச்சுத்தான். இரண்டாவது தரம் வந்தபோது முகம் மஞ்சளாக இருந்தது. படியேற என் கையைப் பிடித்தார். கை இருந்தது, பாரம் இருக்கவில்லை. கொலின் தேத்தண்ணீர் கொடுத்தான்.

மழைக்காலத்தில் ஒரு காலை பஸ்ஸில் ஏறினேன். ஹோனேயின் இடத்தில் வேறு ஆள் இருந்தான். கேட்டேன். அவருடைய அம்மா முதல் நாள் பின்னேரம் செத்துப்போனாராம். அவர்களுடைய வழக்கப்படி குல மண்டபத்தில் கிடத்தியிருக்கிறார்களாம்.

மியூசியத்துக்குப் போனேன். நாடாப் பெட்டிகளைத் துடைத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். ஹேனி அம்மாவின் பெட்டிக்குக் கை போகவில்லை. யோசித்துச் செய்யவில்லை. சாவு விழுந்தால் ஸ்பீக்கர் நிற்கும். அவ்வளவுதான். அம்பிளிபயரைப் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனேன். சரோஜா வந்திருந்தாள்.

"என்னா அண்ணே, இந்த அம்மா இன்னிக்கு பேசல? ரிப்பேர்னு அட்ட எழுதி மாட்டவா?"

"பழுதில்லை. ஆள் போயிட்டா."

அவள் கையில் இருந்த அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

மத்தியானம் கொலின் வந்தான்.

"சாம், ஹேனியின்ர கம்பத்தில இடது பக்கம் வேலை செய்யேல்லை."

"நான்தான் நிப்பாட்டினனான். அவ செத்துப்போனா."

"கேள்விப்பட்டன். பெரிய இழப்பு." கண்ணை மூடினான். திறந்தான். "ஆனா நாடாவுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"அடக்கம் முடியட்டும்."

"வியாழன் மந்திரி வாறார்."

"அடக்கம் வெள்ளி."

"இது உன்ர முடிவில்லை சாம்."

"ஓம். என்ர முடிவில்லை," என்றேன். போய்ப் பெட்டியைப் போடவும் இல்லை. அவனுக்குப் பின்னறையில் எந்தப் பெட்டி எதுவென்று தெரியாது.

அடுத்த நாள் ஹோனே வந்தார். கறுப்பு உடுப்பு. செத்தவீட்டை விட்டு இதற்காகவே எழும்பி வந்திருக்கிறார். உட்காரவில்லை.

"அம்மாவின்ர குரலைப் போடாதேங்கோ. நாங்கள் திரும்பி வந்து சொல்லுமட்டும்."

கொலின் தூண்டிலைப் பிடித்தான். "உங்கட வழக்கத்தை நாங்கள் மதிக்கிறம். இதுக்கெண்டே மாவோரி ஆலோசனைக் குழு வைச்சிருக்கிறம். அடுத்த மாதம் கூடுது. அவையிட்ட நான் எடுத்துக் குடுக்கிறன். அவை என்ன சொல்லினமோ அதுதான்."

ஹோனே கதவுக்குப் போய்த் திரும்பினார்.

"அந்தக் குழுவில இருந்தது அம்மாதான்."

தூண்டில் உருளாமல் நின்றது. அதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

வெளியே வரும்போது ஹோனே என்னிடம் கேட்டார். "நேற்றே நிண்டிட்டுதாம். நீயோ?"

"ஓம்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஊரிலையும் அப்பிடித்தான்."

என் தோளில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனார்.

கொலின் என்னைக் கூப்பிட்டான். குரல் இல்லாமல் விடலாம். ஆனால் மந்திரி வரும் நாளில் இடது காது வெறுமையாக இருந்தால் பழுது என்று நினைப்பார்கள். "நடுநிலையான ஏதாவது போடுவம்." தன் காருக்குப் போய் ஒரு சீடி எடுத்து வந்தான். நித்திரை வருவதற்குக் கேட்கிறதாம். கடல் அலை. அதைக் கசட்டில் ஏற்றி இடது காதுக்குப் போட்டேன். எனக்கு மறுப்பு இல்லை. ஹேனி அம்மாவின் குரல் நின்றுவிட்டது. ஹோனே கேட்டது அதுதான்.

வியாழன் மந்திரி வந்தார். பின்னால் கோட்டுப் போட்டவர்கள். கம்பத்துக்கு உரியவர் என்று ஹார்வியையும் அழைத்திருந்தார்கள். சரோஜா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாருங்க அண்ணே. இவரு இடது பக்கம் தள்ளி விடாம இருந்தா, நான் நாளைக்கி உங்களுக்கு தேங்காப்பால் ஊத்தி நாசி லெமாக் சோறு செஞ்சி கொண்டாறேன்."

மந்திரி ஹெட்போனை மாட்டினார். முகத்தைச் சுளித்தார். இடது பக்கத்தைத் தள்ளிவிட்டார். வலது காதால் ஹார்வியின் வடிகாலைக் கேட்டார். கழற்றினார்.

"இரண்டு பக்கத்தையும் கேட்பதுதான் முக்கியம்," என்றார். கொலின் கண்ணை மூடினான். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

"நாசி லெமாக் போச்சு," என்றாள் சரோஜா.

அவர்கள் அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தார்கள். ஹார்வி நின்றுகொண்டார். தானே எடுத்து இரண்டு காதிலும் மாட்டினார்.

"என்ன இது, தண்ணிச் சத்தம்?"

கொலின் திரும்பி வந்தான். குரலைத் தாழ்த்தி, "ஹேனிக்கு மரியாதையா," என்றான்.

"ஹேனி எங்க?"

"அடக்கம் முடியுமட்டும் குரல் போடேல்லை."

"என்னை மட்டும் ஏன் கதைக்க விட்டிருக்கிறாய்?"

"உங்களுக்கு ஒண்டும் இல்லையே மிஸ்டர் ஹார்வி. நீங்கள் உயிரோட..."

"கேள். அந்த மனுசி என்னோட ஒருநாளும் ஒத்துப்போகேல்லை. நான் ஒண்டு சொன்னா அவள் ஒண்டு சொல்லுவாள். அதுக்காகத்தான் நானும் வந்து கதைச்சனான். அவளைக் கிடத்தி வைச்சிருக்கேக்க அவளின்ர வேலிக்கு மேலால நான் மட்டும் கதைச்சுக்கொண்டிருந்தா அதுக்குப் பேர் கோள் சொல்லுறது. என்ரையையும் நிப்பாட்டு."

"இரண்டாம் கட்டத்தில் நாங்கள்..."

ஹார்வி அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதானே இதைப் போடுறவன்?"

"ஓம்."

"நிப்பாட்டு."

கொலினைப் பார்த்தேன். அவன் மந்திரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஹார்வியின் குரல், நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை. நான் பின்னறைக்குப் போய் அணைத்தேன்.

இனி நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இடது காதில் அலை, வலது காதில் ஒன்றும் இல்லை. சனம் அந்தக் கம்பத்தில்தான் கூட நேரம் நிற்கத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கருத்து எழுதும் பெட்டியில் "மனதுக்கு அமைதி" என்று எழுதிப் போட்டார்கள். கொலின் அதை வாசித்துவிட்டு வலது காதுக்கும் அலையைப் போடச் சொன்னான்.

நிலத்தை எடுத்தவன் இல்லை. பறிகொடுத்தவர் இல்லை. வாங்கியவரும் இல்லை. கடல் மட்டும். மேலே "ஒரே மண், இரு குரல்" என்ற பலகை தொங்கியபடி இருந்தது. இரண்டு பஞ்சும் தானாகவே ஒரே மாதிரித் தேய்ந்தன.

கொஞ்ச மாதம் கழித்து ஹோனே வந்தார். அம்மாவின் குரலை இனிப் போடலாம், முன்பக்கத்துப் பெயர்களோடு முழுதாகப் போடுங்கள் என்றார். இரண்டாம் கட்டத்தில் என்றான் கொலின். அப்படியென்றால் வெட்டாத நாடாவைத் தாருங்கள், அம்மாவின் கல்லறைக் கல்லைத் திறக்கும் நாளில் வீட்டாருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்றார். அது மியூசியத்தின் சொத்து என்றான். அதைச் சொல்லும்போது கண்ணை மூடவில்லை.

வெட்டாத நாடா பின்னறை அலுமாரியில் இருந்தது. கசட்டில் ஒரு பிரதி எடுத்தேன். காலையில் பஸ்ஸில் ஏறும்போது காசோடு சேர்த்து ஹோனேயின் கையில் வைத்தேன். களவு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தாயின் சத்தத்தை மகனிடம் கொடுத்தேன். ஹோனே கசட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காசை என்னிடமே திருப்பித் தந்தார்.

செத்தவரின் கல்லில் இருக்கும் துணியை ஒரு வருடம் கழித்து எடுப்பது அவர்களுடைய வழக்கம். என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மரத்தில் ஏற வயது விடவில்லை. ஏணி வைத்துக் கட்டினேன். காற்று. பாதிச் சொல்லைக் காற்று கொண்டுபோயிற்று. ஆனாலும் மலை வந்தது, தண்ணீர் வந்தது, தோணி வந்தது. செத்தவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக வந்தார்கள். அங்கே நின்றவர்கள் சில பெயருக்குத் தலையாட்டினார்கள். சிவப்பு விளக்கைப் போட ஆள் இல்லை.

ஹார்வி பின்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு நீளமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"இதைத்தான் வெட்டினவை."

"இதில என்ர இடமும் வருதோ?"

ஹோனே கேட்டுவிட்டார். "வருது. அதுக்கு எங்கட பேர் வருது." பெயரைச் சொன்னார்.

ஹார்வி சொல்லிப் பார்த்தார். வாயில் வரவில்லை. திரும்பவும் சொல்லிப் பார்த்தார். பிழையாகத்தான் வந்தது. ஹேனி அம்மா இருந்திருந்தால் நல்ல பேச்சுக் கொடுத்திருப்பார்.

கொலின் பிறகு வேலையை விட்டான். எல்லர்ஸ்லியில் ஆலோசனைக் கந்தோர் ஒன்று போட்டு, மற்ற மியூசியங்களுக்கு மக்கள் குரலைக் கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நல்ல காசாம். நான் பென்சன் எடுத்தேன். இப்போது வெஸ்ட்கேட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். கடலுக்குத் தூரம். நல்லது. அலைச் சத்தம் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

அந்தப் பிள்ளைக்கு அன்று போனிலேயே வருகிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டு விஷயம் மட்டும் கேட்டேன். முதலில் என் கிணற்றைச் சொல்லுவேன், தாய் தகப்பன் பெயரைச் சொல்லுவேன், அதில் ஒரு சொல்லும் வெட்டக்கூடாது. மற்றது, நான் செத்தால், எரித்து முடியும்வரை அந்தக் கண்ணாடியில் நான் கதைக்கக்கூடாது.

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இதுக்கு என்னால ஒண்டும் சொல்லேலாது அங்கிள். எங்கட ஆலோசகரைக் கேக்க வேணும். அவர்தான் எல்லாம் முடிவெடுக்கிறவர். எல்லர்ஸ்லியில இருக்கிறார்."

"கழுத்தில எலும்பில ஒரு தூண்டில் தொங்குமோ?"

"ஐயோ அங்கிள், உங்களுக்கு அவரைத் தெரியுமா? அப்ப சுகம். சாம் கேட்டதெண்டு சொல்லவா? பழைய பதிவில உங்கட பேர் அப்பிடித்தான் இருக்கு."

"வேண்டாம். சிவபாதசுந்தரம் கேட்டதெண்டு சொல்."

"அது ஆரெண்டு கேப்பாரே?"

"கேக்கட்டும்."